மேகலாவுக்குப் போட்ட போர்டு

உங்க வீட்டு மிஷினா இருந்தா எந்த மதர்போர்டு போடுவீங்கன்னு கேட்டீங்க பாருங்க. பதினாறு வருசமா இந்தக் கம்ப்யூட்டர்க் கடை வெச்சிருக்கேன், பிராசசர் மாத்த வர்றவங்க எல்லாரும் கடைசில இதத்தானுங்க கேப்பாங்க. முன்னயெல்லாம் யோசிக்காம சொல்லிருவேன். இப்ப அந்தக் கேள்வி வந்தா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல.

உக்காருங்க. உங்க பழைய போர்ட இப்பத்தான் வெளிய எடுத்திருக்கு. அதுல இந்தப் புது பிராசசர் உக்காராதுங்க, உக்கார்ற எடமே வேற மாதிரி. ராம் மெமரியும் சேத்து மாத்தணும். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப வர்றவங்கல்லாம் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் படி ஏறறாங்க. எங்க வீட்டுலயும் படிச்சுட்டுத்தான் வந்தா.

எங்க வீட்டுலன்னா என் சம்சாரம். மேகலா. இங்க ஈரோட்டுலயே ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியனா இருக்கா. ரத்தம் எடுக்கறது, டெஸ்ட் பண்றது. கல்யாணம் ஆகிப் பதினொரு வருசம் ஆச்சுங்க. கொழந்தை இல்ல. அதப் பத்தி வேண்டாம்.

அவ கேம் ஆடுவா. நம்ப மாட்டீங்க. சும்மா போன்ல மிட்டாய் ஒடைக்கற கேம் இல்லீங்க. அஞ்சு பேரு இந்தப் பக்கம், அஞ்சு பேரு அந்தப் பக்கம், துப்பாக்கி வெச்சு ஆடறாங்க பாருங்க, அது. நீங்களும் அதான் ஆடறதா சொன்னீங்க. உங்கள விட நல்லா ஆடுவான்னு வெச்சுக்கங்க. கோவிச்சுக்காதீங்க.

ஆரம்பிச்சு வெச்சது நாந்தானுங்க. கொரோனா சமயத்துல அவளுக்கு மூக்குல தொண்டையில குச்சி விட்டு எடுக்கற டூட்டி. முடிச்சுட்டு வந்தா பதினாலு நாள் தனியா இருக்கணும். எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்குது, அதுல இருப்பா. நான் தட்டக் கொண்டு போய் படியில வெச்சுட்டு எறங்கிருவேன். ஒருக்கா அப்படி வெக்கறப்ப உள்ள அழுகற சத்தம் கேட்டுது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டர் ஒண்ணுதான். கடை பூட்டித்தான கெடந்துது, ஒரு மிஷினத் தூக்கிட்டுப் போய் படியில வெச்சு, நெட் கனெக்சன் குடுத்து, எப்படி ஆடறதுன்னு போன்லயே சொல்லிக் குடுத்தேன். இத எதுக்குச் சொல்றேன்னா, நான் கெட்டவன் இல்லீங்க. அதையும் நெனப்புல வெச்சுட்டுக் கேளுங்க.

அங்க அவளுக்குக் கூட்டாளிக கெடச்சாங்க. நாலு பொம்பளைங்க. எல்லாம் இவள மாதிரியே ஆஸ்பத்திரிக்காரங்க, அங்கங்க ஒரு ரூம்ல அடைஞ்சு கெடந்தவங்க. தூத்துக்குடியில ஜெபராணின்னு ஒரு நர்சம்மா, அதுதான் தலைவி. டீமுக்குப் பேரு என்ன தெரியுங்களா, பதினாலு நாள். அதான் பேரு. கொரோனா போயிருச்சு, டீம் போகல. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்து குளிச்சுட்டு, ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு மாடிக்குப் போயிருவா. சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேக்கும். எங்கிட்ட அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. சரி, சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். நான் ஒண்ணும் தடுக்கல. தடுக்கற ஆளும் இல்ல.

மூணு வருசம் கழிச்சு மெட்ராஸ்ல யாரோ ஒரு கம்பெனி, பொம்பளைங்க டீமுக்கு மட்டும்னு ஒரு போட்டி வெச்சாங்க. வீட்டுல இருந்தே ஆடலாம். இவங்க பேரு குடுத்தாங்க. ரெண்டு ரவுண்டு ஜெயிச்சும் போட்டாங்க. ஆனா நான் படியில கொண்டு போய் வெச்ச அந்தப் பழைய மிஷின் மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. எதிராளி சுவத்துக்குப் பின்னால இருந்து வெளிய வர்றது இவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரியுது. கண் சிமிட்டற நேரம்தான். அதுக்குள்ள செத்துருவா. பிராசசர் மாத்தணும் மாமான்னா. மாத்திரலாம்னேன்.

அப்ப ஒரு மூணு வாரம் ஓடுச்சு பாருங்க. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க கல்யாண வாழ்க்கையிலயே அந்த மூணு வாரம் மாதிரி ஒண்ணு வந்ததில்லீங்க. சாப்படறப்பக் கூட போர்டுப் பேச்சுத்தான். பிராசசர அவ முடிவு பண்ணிட்டா, அதுக்கு எந்த போர்டு போடறதுங்கறதுதான் கேள்வி. பழைய நோட்டு ஒண்ணுல நாலு போர்டு பேரு எழுதி வெச்சிருந்தா. எங்கிட்ட ஒவ்வொண்ணாக் கேப்பா. மாமா, இதுல இருக்கற பயாஸ் சாப்ட்வேர மாத்தாமயே பிராசசர் எந்திரிக்குமா? மாமா, இதுல ராம் ரெண்டு எடந்தான இருக்குது, பின்னால சேத்த முடியாதே? நான் ஒரு கையில சோத்தப் பெசஞ்சுக்கிட்டே பதில் சொல்லுவேன். காலேஜ் வாத்தியார் மாதிரி இருக்கும் எனக்கு.

ஒரு நாள் நான் சொன்னேன், இருக்கறதுலயே வெல கொறஞ்ச போர்டு போதும், கேமுக்கு பிராசசரும் கிராபிக்ஸ் கார்டுந்தான் முக்கியம், போர்டுங்கறது எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து வெக்கற தட்டு, அவ்வளவுதான்னேன். அப்பறம் நோட்டத் திருப்பி எம்முன்னால வெச்சா. பிராசசருக்குப் பக்கத்துல கரண்டப் பிரிச்சுக் குடுக்கற பவர் செக்ஷன் இருக்குது பாருங்க, கொறஞ்ச போர்டுல அது சின்னதா இருக்கும், மேல சூட்ட இழுக்கற ஹீட் சிங்க்கும் இருக்காது. அரை மணி நேரம் நல்லா ஓடும். ஒண்ணரை மணி நேரம் மேட்ச்சுன்னா சூடேறி, பிராசசர் தானா வேகத்தக் கொறச்சுக்கும். அத அவ படம் போட்டு எழுதி வெச்சிருந்தா. எந்த போர்டு எத்தனாவது நிமிசத்துல எவ்வளவு சூடுன்னு யாரோ சோதிச்சுப் போட்டத, அளவோட. கடைசில நாலாவது போர்டுக்கு அடியில கோடு போட்டிருந்தா.

அவ சொன்னது சரிதானுங்க. எனக்குத் தெரியாததும் இல்ல. ஆனா கடையில நின்னு ஆயிரம் பேருக்கு நான் சொல்ற விசயத்த, எஞ்சோத்துத் தட்டுக்கு முன்னால வெச்சு எம்பொண்டாட்டி எனக்குச் சொல்றா. சரி, நாலாவதே போட்டுக்கலாம்னுட்டு கை கழுவ எந்திரிச்சுட்டேன். அவ பின்னாலயே வந்து, கோவமான்னு கேட்டா. எனக்கென்ன கோவம்.

அந்த போர்டு கொஞ்சம் வெல சாஸ்தி. அவளே காசு தர்றேன்னா. எனக்கு எதுக்குக் காசுன்னேன், கேக்கல, கடைக்கே நேரா வந்து, நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல உக்காந்து, எண்ணிக் குடுத்துட்டு பில்லுப் போடுங்கன்னா. சிரிச்சுக்கிட்டேதான். நானும் சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்தேன். மேகலான்னு பேரு போட்டு, ஒரு வருச சர்வீஸ் நம்ம கடைப் பொறுப்புன்னு சீல் வெச்சு.

கோயமுத்தூர்ல இருந்து போர்டு வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. வந்த அன்னிக்கே பெருந்துறையில இருந்து ஒரு எஞ்சினியர் வந்தாருங்க. கட்டடம் படம் போடறவரு. அவருக்கு அன்னிக்கே ஒரு மிஷின் வேணும், மறுநாள் காலைல யார்கிட்டயோ காட்டணும். அவரு கேட்ட பிராசசருக்கும் சரியா அதே போர்டுதான் வேணும். அதோட நிக்கல, ஆபீசுக்கு இன்னும் பன்னண்டு மிஷின் எடுக்கப் போறேன், இது சரியா இருந்தா எல்லாம் உங்க கடையிலதான்னு சொல்றாரு. நீங்களே சொல்லுங்க. கைக்கு வந்த ஆளத் திருப்பி அனுப்ப முடியுங்களா? அவளோட மேட்ச்சுக்கு இன்னும் எட்டு நாள் இருந்துது. மறுபடி ஒண்ணு வரவழைச்சுக்கலாம்னு, அத எடுத்து அவருக்குப் போட்டுட்டேன். பெட்டியெல்லாம் எனக்கெதுக்கு, எடத்த அடைக்கும்னு அவரு விட்டுட்டுப் போயிட்டாரு.

கோயமுத்தூர்ல கேட்டா ஸ்டாக் இல்ல, பத்து நாள் ஆகும்னுட்டாங்க.

எங்கிட்ட அதே மாடல் போர்டு இன்னொண்ணு இருந்துதுங்க. அதே கம்பெனி, அதே நெறம், எல்லாம் அதே. யாரோ கஸ்டமரோடது. பவர் செக்ஷன்ல இருக்கற எட்டுப் பாகத்துல ஒண்ணு எரிஞ்சு போயி வந்துது, அவரு வேண்டாம்னு எங்கிட்டயே தள்ளிட்டாரு. சேலத்துல ஒருத்தரு சிப் லெவல்ல சர்வீஸ் பண்ணிக் குடுத்தாரு. எட்டுல எரிஞ்ச ஒண்ண எடுத்துட்டு, மிச்சம் ஏழுல ஓடற மாதிரி. நல்லா ஓடுச்சுங்க. நானே ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் இல்ல, ஒரு முக்கா மணி நேரம். அத நல்லாத் தொடைச்சு, எஞ்சினியர் விட்டுட்டுப் போன புதுப் பெட்டியில போட்டு, வீட்டுக்குக் கொண்டு போய், அவ பக்கத்துல நிக்கறப்பவே மாட்டினேன்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. உங்களுக்கு அப்படிப் பண்ணுவனுங்களா? உங்களுக்கு சீல் ஒடைக்காத பெட்டி, உங்க கண்ணு முன்னாலயே ஒடைக்கறேன். அவ வெளி ஆள் இல்லைங்கறதாலதான அப்படிப் பண்ணுனது. பத்து நாள்ல புதுசு வந்ததும் மாத்திரலாம், அவளுக்குத் தெரியவும் தெரியாது. வெளி ஆளுக்குன்னா பண்ண முடியுங்களா?

புதுசு வந்துச்சு. வந்தப்ப மேட்ச் முடிஞ்சிருந்துது. அதுக்கப்பறம் நான் மாத்தல. எப்படி மாத்தறது? கழட்டுனா ஏன்னு கேப்பா.

மேட்ச் ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம். கடைசிப் போட்டி. நான் கடையச் சாத்திட்டு வீட்டுலயே இருந்தேன். அவளுக்குப் பின்னால ஒரு சேரப் போட்டு உக்காந்துட்டேன். மொதல் ஆட்டம் ஜெயிச்சாங்க. ரெண்டாவது தோத்தாங்க, அது பரவால்ல, கொஞ்சத்துலதான். மூணாவதுதான் முடிவு. அதுல பாதிக்கு மேல அவ திரையில படம் வெட்ட ஆரம்பிச்சுது. எனக்கு மொதல்லயே தெரிஞ்சு போச்சுங்க. அவ மவுஸத் திருப்புறா, அது ஒரு நொடி கழிச்சுத் திரும்புது. ஹெட்செட்ல ஜெபராணி, மேகலா, ஏன் நிக்கறே, ஏன் நிக்கறேன்னு கேக்கறது எனக்கே கேட்டுது. இவ நிக்கலீங்க. மிஷின் நின்னுது. நான் டேபிளுக்கு அடியில கைய விட்டு கேபினட்டத் தொட்டுப் பாத்தேன். சுட்டுது. ஒரு டேபிள் ஃபேன எடுத்துட்டு வந்து பக்கவாட்டு மூடியக் கழட்டி வெச்சேன். அவ திரும்பிப் பாத்துத் தலைய ஆட்டுனா, நன்றி சொல்ற மாதிரி. ஃபேனு வெச்சு என்ன பண்றது. தோத்துட்டாங்க.

ஹெட்செட்டக் கழட்டி வெச்சுட்டு அவ சொன்னது ஒண்ணே ஒண்ணு. "நாந்தான் தப்பான பிராசசர எடுத்துட்டேன் போல மாமா."

அப்ப நான் சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, எங்க அக்காவும் அதத்தான் சொல்லுச்சு. அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு. எப்படிச் சொல்றது? அழுதுட்டு இருக்கறா. அந்த நேரத்துல போய், நான் பழைய போர்டு போட்டுட்டேன்னா, எரியற நெருப்புல எண்ணெய ஊத்தற மாதிரி ஆகாதுங்களா? நான் தட்டிக் குடுத்தேன். இருக்கலாம் மேகலா, அந்த பிராசசர் கொஞ்சம் சூடாகற ரகம்தான், நான் அப்பவே நெனச்சேன்னு சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

அதுக்கப்பறம் அவ டீம விட்டு வெலகிட்டா. யாரும் போகச் சொல்லல. இவளா ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, என்னால தோத்தீங்க, மன்னிச்சுக்கங்க, வேற ஆளச் சேத்துக்கங்கன்னு சொல்லியிருக்கா. நாலு பேரும் வேண்டாம்னுதான் சொன்னாங்களாம். அந்த நோட்டுல எழுதுன கணக்கெல்லாம் மறுபடி மறுபடி எடுத்துப் பாப்பா. எங்க தப்புன்னு தேடுவா. சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல. நான் கேட்டா, எனக்கு என்ன தெரியும் மாமா, நீங்கதான் அப்பவே நெனச்சீங்களேன்னுருவா. சொன்னா நம்ப மாட்டீங்க, அது எனக்குக் கொஞ்சம் நல்லாக் கூட இருந்துது. இத்தன வருசத் தொழிலுக்கு ஒரு மதிப்பு வந்த மாதிரி.

ரெண்டு மாசம் அப்படியே போயிருந்தா எல்லாம் சரியாயிருக்குமுங்க. அந்த ஜெபராணிதான் விடல. அந்தம்மாவுக்கு என்ன வேலை பாருங்க. உன் கையப் பத்தி எனக்குத் தெரியும் மேகலா, நீ போட்ட கணக்கும் நான் பாத்தேன், அது தப்பில்ல, போர்டுலதான் ஏதோ பழுது, கம்பெனிக்கு எழுதிப் போடு, மாத்தித் தருவாங்கன்னு சொல்லியிருக்குது. கம்பெனிக்கு எழுதணும்னா போர்டு மேல ஒட்டியிருக்கற நம்பர் வேணும். இவ மூடியக் கழட்டி, டார்ச் அடிச்சு, ராம் பக்கத்துல இருக்கற ஸ்டிக்கரப் பாத்து எழுதியிருக்கா. எழுதினவ சும்மா விடுவாளா. அலமாரி மேல இருந்து பெட்டிய எறக்கி அதுல இருக்கற நம்பரையும் பாத்திருக்கா. ரத்தம் புடிச்சு வெச்ச குழாயில இருக்கற நம்பரும் டெஸ்ட் சீட்டுல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாக்கறதுதான் நாள் பூரா அவ வேலை. அந்தப் பழக்கம்.

நம்பர் ரெண்டும் வேற.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கடைக்கு வந்தா. லேப் கோட்டக் கூடக் கழட்டல. கடையில ரெண்டு கஸ்டமர் இருந்தாங்க. அவங்க போற வரைக்கும் அந்தா, அந்தப் பிரிண்டர் வெச்சிருக்கற மூலையில நின்னுட்டிருந்தா. அவங்க போனதும் பெட்டிய மேஜை மேல வெச்சு, பில்ல எடுத்துப் பக்கத்துல வெச்சா. சத்தம் போடுவான்னு நெனச்சேன். போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

"இது யாரு போர்டு மாமா?"ன்னா.

நான் என்னென்னவோ சொன்னேன். ஃபேக்டரியில பெட்டி மாறி வரும், அதெல்லாம் நடக்கறதுதான்னேன். அவ எம்மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. அப்பறம் நான் உள்ளது உள்ளபடியே சொல்லிட்டேன். எஞ்சினியர் வந்தது, பன்னண்டு மிஷின், ஸ்டாக் இல்லாதது, எட்டுல ஒண்ணு எரிஞ்சத சேலத்துல பழுது பாத்தது, எல்லாம். தப்புதான், மாத்திக் குடுத்தர்றேன், புதுசு இதோ இருக்குது பாரு, எடுத்துட்டுப் போன்னு உள்ள இருந்து எடுத்துக் காட்டினேன்.

அவ அந்தப் பெட்டியத் தொடல. எட்டுல ஒண்ணு இல்லைன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். மேட்ச் அன்னிக்கு ஃபேனு எடுத்துட்டு வந்தீங்களே, அப்பத் தெரியுமான்னா. தெரியும்னேன். சித்த நேரம் பில்லையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் கேட்டா, "பிராசசர் சரியில்லைன்னு ஏஞ்சொன்னீங்க?"

இப்பவும் யோசிச்சுப் பாக்கறேன். ஏன் சொன்னேன்? ஆறுதலுக்குத்தான். வேற எதுக்குச் சொல்லப் போறேன். நான் சொன்னேன், மேகலா, இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான், இதே மாதிரி நாப்பது அம்பது போர்டு போட்டிருக்கேன், ஒருத்தர் வந்து ஒரு வார்த்த சொன்னதில்லன்னேன். சமாதானம் ஆகட்டும்னுதான் சொன்னேன். அதக் கேட்டுத்தான் அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. பில்ல நாலா மடிச்சு கோட்டுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டா. பெட்டிய விட்டுட்டுப் போயிட்டா.

பொட்டி கட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவான்னு பயந்துட்டுத்தான் அன்னிக்குக் கடையச் சாத்துனேன். போகலீங்க. வீட்டுல இருந்தா. அரிசியும் பருப்பும் ஆக்கி வெச்சிருந்தா, எனக்குப் புடிச்சது. எனக்கு உசுரு வந்துச்சு. சரி, அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நல்ல மனசு அவளுக்கு, அது நான் எப்பவும் சொல்லுவேன்.

ஆனா அன்னையில இருந்து அவ ஒண்ணு பண்றா. என்னன்னு உங்ககிட்டச் சொன்னா, இதெல்லாம் ஒரு குத்தமான்னு கேப்பீங்க. நான் என்ன வாங்கிட்டு வந்து குடுத்தாலும் திருப்பிப் பாக்கறா. மாத்திரை வாங்கிட்டு வந்தா அட்டையத் திருப்பி வெளிச்சத்துல தேதி பாக்கறா. மிக்சிக்கு ஜாரு வாங்கிட்டுப் போனேன், அடியில இருக்கற எழுத்தெல்லாம் படிச்சுட்டுத்தான் அலமாரியில வெச்சா. தீபாவளிக்குச் சேல எடுத்துட்டுப் போனேன். பிரிச்சு, உள்பக்கம், ஓரம், முந்தி, எல்லாம் விரிச்சுப் பாத்துட்டு, நல்லாருக்குன்னா. கோவமாப் பாக்கறதில்ல. சண்டைக்குப் பாக்கறதில்ல. சும்மா, கைப்பழக்கம் மாதிரி. இன்னிக்குக் கடைக்கு யாரு வந்தாங்கன்னு முன்ன கேப்பா. இப்பக் கேக்கறதில்ல. நானாச் சொன்னா, அப்படியான்னுக்குவா.

மாடியில இருந்த மிஷின வித்துப்போட்டா. எனக்குத் தெரியாம இல்ல, சொல்லிட்டுத்தான் வித்தா. வாங்க வந்த ஆளுகிட்ட, இது பவர் செக்ஷன் பழுது பாத்த போர்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல பளு தாங்காதுன்னு மொதல்லயே சொல்லி, வெலயக் கொறச்சு வித்தா. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. ஊருக்கே தெரிஞ்ச கம்ப்யூட்டர்க் கடைக்காரன் பொண்டாட்டி.

அதுக்கு அடுத்த மாசம் நான் இருக்கறதுலயே நல்ல போர்டா ஒண்ணு வாங்கினேன். எங்கடையில இருந்து எடுக்கல, மெட்ராஸ்ல போய், முழு வெல குடுத்து, சீலோட. பிராசசரும் அவ சொன்ன அதே பிராசசர். கொண்டு போய் அவ முன்னால வெச்சேன். அவ திருப்பிக் கூடப் பாக்கலீங்க. இது யாருக்குன்னா. உனக்குத்தான், மறுபடி ஆடு, அந்த ஜெபராணிகிட்ட வேணும்னா நானே பேசறேன்னேன். நான் இப்ப ஆடறதில்லைங்கன்னு சொல்லிட்டு, ஒணத்தப் போட்ட துணிய எடுக்கப் போயிட்டா. அந்தப் பன்னண்டு மிஷினும் வரலீங்க. எஞ்சினியர் வேற கடைக்குப் போயிட்டாரு. எல்லாம் எந்தலையில.

நான் என்ன குடிச்சனா, கை நீட்டி அடிச்சனா, வேற பொம்பள பின்னால போனனா? ஒரு போர்டு. வேற பொம்பளையா இருந்தா என்ன போர்டுன்னு கூடத் தெரிஞ்சிருக்காது. படிச்சுட்டா, அதுதான் பிரச்சன. படிச்சு வெச்சுக்கிட்டு நம்மள எட போடறாங்க.

இந்தப் பக்கம் எனக்கும் ஒடம்பு சரியில்ல. கால் மரத்துப் போன மாதிரி மதமதன்னு இருக்குது, அடிக்கடி தாகம் எடுக்குது. சுகர் பாருங்கன்னு அவதான் சொன்னா. பாத்துட்டேன், கடைக்குக் கீழ இருக்கற மருந்துக் கடையில பாத்தேன், நூத்திப் பத்துத்தான் இருக்குதுன்னேன். பாக்கலீங்க. எனக்கு ஊசின்னா ஆகாது. நூத்திப் பத்தான்னு ஒருக்காக் கேட்டா. ஆமான்னேன். சரின்னு சொல்லிட்டு, நாளைக்குக் காலைல ஒண்ணும் சாப்புடாம லேப்புக்கு வந்திருங்கன்னா.

போன வெள்ளிக்கிழம போனேன். எனக்கு முன்னால ஏழெட்டுப் பேரு உக்காந்திருந்தாங்க. எம்பொண்டாட்டி லேப்புதான, நேரா உள்ள போலாம்னு எந்திரிச்சேன். டோக்கன் வாங்கிட்டு உக்காருங்கன்னு அங்க இருந்த பொண்ணு சொல்லிருச்சு. மேகலா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னயப் பாத்தா. பாத்துட்டுக் குனிஞ்சு வேலையப் பாத்தா. நான் உக்காந்துட்டேன்.

என் நம்பர் வந்துச்சு, உள்ள போனேன். கைய நீட்டச் சொன்னா. ரப்பர் பட்டையச் சுத்தினா, பஞ்சுல தொடச்சா. அவ விரல் எங்கையில பட்டு எத்தன நாளாச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். குத்தவே இல்ல இன்னும். குழாயக் கையில எடுத்து, பேனாவத் தெறந்து வெச்சுக்கிட்டு என்னயப் பாத்தா.

"பேரு சொல்லுங்க"ன்னா.

நான் சிரிச்சேன். என்ன மேகலான்னேன். அவ சிரிக்கல. கேட்டுட்டுத்தான் எடுக்கணும், முறை அதுதான், சொல்லுங்கன்னா. அவ கொரல்ல ஒரு துளி கோவம் இல்லீங்க. எனக்கு முன்னால போன கெழவருகிட்ட எப்படிக் கேட்டாளோ அப்படியே கேட்டா. பூபதின்னு சொன்னேன். எழுதிக்கிட்டா. வயசக் கேட்டா, நாப்பத்தி ரெண்டுன்னேன். அதையும் எழுதிக்கிட்டா.

எழுதிட்டு, பேனாவக் குழாய விட்டு எடுக்காம, இனிசியல் என்னன்னு கேட்டா.